எறும்பு மொய்த்த மூலை

நெய்வேலி, பிளாக் 16
8-4-1979

அன்புள்ள அக்காவுக்கு ருக்கு கும்பிட்டு எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். நீயும் மச்சானும் பெரியவளும் சின்னவன் சண்முகமும் சுகந்தானே. பொங்கலுக்குப் பிறகு ஒரு கார்டுகூட நீ போடவில்லை. உடுமலையில் தபால் பெட்டியைப் பிடுங்கிவிட்டார்களா என்று இவர் கேட்கச் சொன்னார். இவருக்குச் சுரங்கத்தில் இந்த வாரம் காலை ஷிப்ட்.

புது குவார்ட்டர்ஸ் பழகிவிட்டது. பக்கத்து வீட்டில் சேவியர்ராஜ் என்று கடலூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். அவர் மனைவி சகாயம்மாள் என்னிடம் ஒட்டுதலாக இருக்கிறாள். ஒரே பெண், லூர்து, ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நம் வீட்டுக்குத்தான் வரும். அதைப் பற்றித்தான் உன்னைக் கேட்க வேண்டும்.

வந்ததும் பானையிலிருந்து நாலு டம்ளர் தண்ணீர் குடிக்கிறது. அரை மணி கழித்து இன்னும் மூன்று. கிறிஸ்துமஸுக்குத் தைத்த கவுனை இப்போது முதுகில் ஊக்குக் குத்திப் போட்டுவிடுகிறாள் சகாயம். நேற்று அது ஒன்றுக்குப் போன இடத்தைக் கழுவலாம் என்று குளியலறைக்குப் போனேன். மூலை முழுக்க எறும்பு மொய்த்திருந்தது.

நம் தம்பி சிங்காரவேல் ஞாபகம் வந்துவிட்டது. அவன் போனபோது எனக்கு ஏழு வயது. கொல்லைப் படியில் எறும்பு மொய்த்தது மட்டும் நினைவிருக்கிறது. நீ பெரியவள், உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

சகாயத்திடம் சொல்லவா, வேண்டாமா? பழைய பிளாக்கில் விஜயகுமாரியிடம், கை தட்டினால் குழந்தை திரும்பவில்லையே, காதைக் காட்டு என்று சொல்லி நான் பட்டது உனக்குத் தெரியும். பெறாதவள் கண் பட்டுத்தான் பிள்ளைக்குக் காது போயிற்று என்று தெருவெல்லாம் பேசினாள். அதனால்தானே இந்த வீட்டுக்கு மாறி வந்தோம். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் அன்புத் தங்கை
ருக்கு


உடுமலை
15-4-1979

அம்மிணி ருக்குவுக்கு அக்காவின் ஆசிகள்.

தபால் பெட்டி இருந்த இடத்தில்தான் இருக்கிறது, எழுதுகிற கைக்குத்தான் ஓய்வில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல். நேற்று வருஷப் பிறப்புக்கு எட்டுப் பேருக்கு இலை போட்டு இடுப்பு விட்டுப் போயிற்று.

நீ வாயைத் திறக்காதே. எல்லாம் வெயில். உங்கள் ஊர்ச் சூட்டில் எந்தக் குழந்தை தண்ணீர் குடிக்காமல் இருக்கும்? இங்கே நம் சண்முகமே செம்பு செம்பாகத் தூக்கி ஊற்றிக்கொள்கிறான். வளர்கிற பிள்ளை இளைக்கத்தான் செய்யும். எறும்பு எந்த வீட்டில்தான் இல்லை.

பெற்றவள் கண்ணில் படாதது உன் கண்ணில் பட்டது என்றால் எவளும் தாங்க மாட்டாள். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்பது அப்புறம் எடுபடாது. இன்னொரு முறை வீடு மாற்ற மாப்பிள்ளை யார் யார் காலைப் பிடிப்பார், யோசித்துப் பார்.

மனசு கேட்காவிட்டால் கையால் ஏதாவது செய். வெறும் தண்ணீருக்குப் பதில் கருப்பட்டி கரைத்து, எலுமிச்சை பிழிந்து பானகமாகக் கொடு. குழந்தைக்குத் தெம்பு வரும், உனக்கும் ஆறுதலாக இருக்கும்.

தம்பி பேச்சை இப்போது எதற்கு எடுத்தாய்? அதை விடு.

அக்கா
நாகம்மாள்


நெய்வேலி
2-5-1979

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி தினமும் பானகம் கொடுக்கிறேன். என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுகிறது. பள்ளிக்கு லீவு விட்டதிலிருந்து நாளுக்கு மூன்று தரம் வந்து, அதற்கென்று வைத்த சின்ன டம்ளரை அதுவே எடுத்து நீட்டுகிறது. எனக்கு எத்தனை சந்தோஷம் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தெம்பு வரவில்லை அக்கா. முழங்கை எலும்பு தள்ளிக்கொண்டு நிற்கிறது. வாசல்படி ஏறி வந்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் பேசுகிறது.

போன வாரம் சகாயம் அழுதாள். "ஏழு வயசுப் பொண்ணு, தெனம் படுக்கைய நனைச்சிகினு எழுந்துக்குதுக்கா. அவங்க அப்பாகிட்ட அடி வாங்கிகினே இருக்குது. பூச்சிதான் இருக்கும். காடாம்புலியூர்ல எங்கம்மா வூட்டுக்கு இட்டுகினு போயி பேதிக்குக் குடுத்தா சரியாப் பூடும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தரம் காட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். விஜயகுமாரி வாசலில் நின்று கத்தியது காதில் கேட்டது. இந்தக் குழந்தை நம் வீட்டுக்கு வராமல் போய்விடுமே என்றும் பயமாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

சகாயத்தின் அம்மா கொடுத்தனுப்பிய பலாச்சுளையில் எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அது தீர்ந்து ஐந்து நாள் ஆயிற்று. நேற்று லூர்து என் மடியில் சாய்ந்து பேசும்போது வாயில் பழ வாசனை வந்தது. பலாப்பழம் தின்றாயா என்று கேட்டேன். இல்லை என்றது. ஊதிக் காட்டச் சொன்னேன். அழுகத் தொடங்கின பழம் மாதிரி இருந்தது.

தம்பிக்கும் இப்படித்தான் வாய் மணந்ததா? அவனோடு ஒரே பாயில் படுத்தவள் நீ. உடனே எழுது.

உன் அன்புத் தங்கை
ருக்கு


உடுமலை
6-5-1979

ருக்கு,

மணந்தது. அவன் கடைசி வாரம் முழுக்க அந்த வாசனையில்தான் நான் படுத்திருந்தேன்.

உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இது சர்க்கரை வியாதி என்று தம்பி போன அன்று டாக்டர் சொன்னார். அதற்குப் பத்து நாள் முன்பு அவனுடைய டீச்சர் வீட்டுக்கு வந்து, பையனைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள் என்று சொன்னாள். என் பிள்ளைக்கு நோய் சொல்ல நீ யார் என்று அம்மா விரட்டிவிட்டாள். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். தம்பியைக் கொண்டுபோனது அந்த டீச்சரின் வாய்தான் என்று அம்மா சாகிறவரை சொன்னாள். உனக்கு அந்தப் பேர் வரக்கூடாது என்றுதான் தடுத்தேன். கருப்பட்டி என்று எந்தப் புத்தியில் எழுதினேனோ, தெரியவில்லை.

பானகத்தை நிறுத்து. இதைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ச் சொல். தந்தி அடிக்கலாம் என்று தபாலாபீஸ் வரை போனேன். தந்திக்காரன் வந்தாலே சாவு என்று நீ பதறிவிடுவாய், மாப்பிள்ளை வேறு ஷிப்டில் இருப்பார், நீ தனியாக இருப்பாய் என்று திரும்பிவிட்டேன். நாளைக் காலைத் தபாலில் இது கிளம்பிவிடும்.

அக்கா


நெய்வேலி
20-5-1979

அக்காவுக்கு,

உன் கடிதம் பத்தாம் தேதி வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் கொடுத்தபோது நாங்கள் கல்லறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். எட்டாம் தேதி காலையில் லூர்து எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசியும் பாட்டிலுமாகப் பார்த்தார்கள். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் மத்தியானம் போய்விட்டது.

சகாயம் என்னைத் திட்டவில்லை. கட்டிக்கொண்டு அழுதாள். "ராவெல்லாம் பெரிம்மா தண்ணி, பெரிம்மா தண்ணின்னுகினு இருந்துதுக்கா. உங்களப் போல ஆசையா யாரு குடுத்தா அதுக்கு" என்றாள். அந்தச் சின்ன டம்ளரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். தினமும் வந்து எனக்கு நன்றி சொன்னாள். என்னால் சோறு தின்ன முடியவில்லை.

நேற்று உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். நான் உனக்கு எழுதியதையும் மறைக்காமல் சொன்னேன். உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். "மொத நாளே தெரியுமாக்கா?" என்று ஒன்றுதான் கேட்டாள். தெரியும் என்றேன். எழுந்து போய்விட்டாள். இன்று காலை எங்கள் வாசல்படியில் டம்ளர் கவிழ்ந்திருந்தது.

உன்மேல் பழி போட மாட்டேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல நான் உன்னிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று யாராவது சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன், நீ சொன்னாய். ஆனாலும் உன் கையெழுத்தைப் பார்க்க இனி எனக்குத் தெம்பில்லை. இதற்குப் பதில் போடாதே.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. சண்முகம் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறான் என்று ஏப்ரலில் எழுதியிருந்தாய். தம்பிக்கு வந்தது நம் குடும்பத்தில் இன்னொரு பிள்ளைக்கும் வரலாம். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, அவன் ஒன்றுக்குப் போகிற இடத்தில் எறும்பு இருக்கிறதா என்று போய்ப் பார்.

ருக்குமணி