நாற்காலியில் நீர் இருந்த சனிக்கிழமை

போன கிழமை தோள்மூட்டு நோவென்று மோர்னிங்சைட்டில் கையால் நோவெடுக்கும் ஓர் ஒஸ்ரியோபதி நிலையத்துக்குப் போனேன். கட்டிலில் விரித்த கடதாசியின் சரசரப்பும் தைல மணமும் போதாதென்று, அங்கிருந்த இளைஞன் என்னைத் தொடுவதற்கு முதல் கேள்வி கேட்கத் தொடங்கினான். படுத்தால் குறைகிறதா, பசி எப்படி, மெலிந்திருக்கிறீர்களா? அந்தக் கேள்விகளைக் கேட்டதும் எங்கோ போய்விட்டேன். படுத்தால் கூடும், பசியில்லை, உடுப்பெல்லாம் தொய்ந்துபோய்விட்டது என்று ஒப்புவித்தேன். அவன் பயந்துபோய், உடனே டொக்டரிடம் போங்கள் என்றான். இல்லைத் தம்பி, அது வேறொருவருடைய வருத்தம் என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

தொண்ணூறுகளில், ஊரைவிட்டு வந்த புதிதில், பார்க்டேலில் நீரும் நானும் தோழிகளாக ஓர் அபார்ட்மென்டில் ஒன்றாக இருந்தோம். ஊரில் நீர் டொக்டர், நான் கணக்கு ரீச்சர். இங்கே இருவரும் ஒரே பேக்கரியில் பாண் பொதி செய்தோம். இந்த நாடு உம்மை டொக்டராக ஏற்கவில்லை. ஆனால் ஒரு சின்ன ஒஸ்ரியோபதிக் கல்லூரி சனிக்கிழமைகளில் வகுப்பெடுக்க உம்மை அழைத்தது. எலும்பையும் தசையையும் கையால் இளக்கிச் சுகப்படுத்தப் பழகும் மாணவர்கள் அவர்கள். ஒரே நோவுக்குப் பின்னால் எத்தனை நோய்கள் ஒளிந்திருக்கலாம், அவற்றை எப்படிப் பிரித்தறிவது என்று நீர் கற்பித்தீர். நாரி நோவு, அதுதான் கீழ்முதுகு நோவு, நாரியிலிருந்துதான் வரவேண்டுமென்று இல்லை, சிறுநீரகமாக இருக்கலாம், கர்ப்பப்பையாகவும் இருக்கலாம். தம் கைக்கு அடங்குவது எது, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டியது எது என்று தெரியாமல் ஆளைத் தொடக்கூடாது என்பதில் நீர் பொல்லாத கண்டிப்பு.

அந்த வகுப்பின் நோயாளி நான். சம்பளமில்லை, மதியம் ஒரு பற்றிஸும் தேத்தண்ணியும் வாங்கித் தருவீர். போகும் வழியில் ஸ்ரீட்காரில் அன்றைய நோயைச் சொல்லித் தருவீர்.

"எங்கட பொம்பிளையள் மாதிரி இரும். முதல்ல ஒண்டுமில்லை எண்டு சொல்லும். கேட்டாத்தான் மிச்சம் வரவேணும்" என்பீர்.

பித்தப்பைக் கல்லுக்காக நான் ஒருமுறை முனகிய முனகலில் ஒரு மாணவன் தண்ணீர் எடுக்க ஓடினான். நீர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தீர்.

எனக்குத் தடிமன் பிடித்துக் குரல் அடைத்துப்போன ஒரு சனிக்கிழமை, இன்று நான்தான் வருத்தக்காரி என்று நாற்காலியில் நீரே போய் இருந்தீர். நான் கடைசி வரிசையில் இருந்து பார்த்தேன். நாரி கொஞ்சம் நோகிறது, ஸ்னோ தள்ளியதால் இருக்கும், வேறொன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் தொடங்கினீர். அவர்கள் கேட்கக் கேட்க மிச்சம் வந்தது. படுத்தால் கூடுகிறது, முன்னால் குனிந்திருந்தால் சுகம். சாப்பாட்டைக் கண்டால் அருவருப்பு. பாவாடை இடுப்பில் நிற்பதில்லை என்று, ஊசி குத்திச் சுருக்கியிருந்ததைக் காட்டினீர். அதிகம் பேசாத ஒரு பெண், வீட்டில் யாருக்காவது சொன்னீர்களா என்று கேட்டாள். இல்லை, என்னோடு இருப்பவள் பயந்துவிடுவாள் என்றீர்.

முதுகெலும்பு, சிறுநீரகம் என்று வாதாடி, கடைசியில் கணையத்தில் புற்றுநோயாக இருக்கலாம், தொடாமல் அனுப்பவேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். சரியாகச் சொன்னீர்கள் என்றீர். வகுப்பே கைதட்டியது. இவ்வளவு நடிப்பை எங்கே ஒளித்து வைத்திருந்தாள் இவள் என்ற பெருமையில் நானும் எழுந்து நின்று உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

திரும்பி வரும்போது, என் வேலைக்கே உலை வைத்துவிட்டீர் என்று அடைத்த குரலில் பகிடி விட்டேன். நீர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தீர்.

"நடிக்கேல்லையப்பா. ஸ்கான் எடுத்தனான். அந்தப் பிள்ளையள் சொன்னதுதான்."

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உம்மட முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமல் கிடந்தது. அங்க அதுகள் ஒண்டொண்டாக் கேட்டுதுகள். சொல்லுறது லேசாக் கிடந்தது."

எனக்கு இன்றும் உம்மோடு கோபம்தான். நானும்தானே கேட்டேன். ஏன் சோறு மிஞ்சுகிறது, ஏன் மெலிகிறீர் என்று கேட்காத நாளில்லை. பேக்கரி வேலை, குளிர் என்று என் வாயை அடைத்தீர். ஒன்றுமில்லை என்று சொல்லும் பெண்களை நம்பவேண்டாமென்று ஒரு வகுப்புக்கே கற்பித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதையே என்னிடம் சொல்லி நம்பவைத்தீர். பனி கரைவதற்கு முதல் போயும்விட்டீர். செத்தவீட்டுக்கு மாணவர்கள் எல்லாரும் வந்தார்கள். அதிகம் பேசாத அந்தப் பெண், சரியாகச் சொன்னோமென்று சந்தோஷப்பட்டோமே என்று என் தோளில் விழுந்து அழுதாள்.

இப்போது நான் நகரின் மறுகோடியில், ரூஜ் பக்கம் இருக்கிறேன். கோடை வந்தால் யாராவது ஒரு பிள்ளைக்கு அரங்கேற்றம் இருக்கும். மண்டபமே எழுந்து தட்டும்போது நானும் எழும்புவேன், கைகள் மட்டும் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நிற்கும். ரீச்சருக்குத் தலைக்கனம் என்று கதைக்கிறார்களாம், கதைக்கட்டும். உம்முடைய சாவைக் கேட்டுத் தட்டிய கைகள் இவை. பிறகு ஒருவருக்காகவும் இவற்றைத் தட்ட என்னால் முடியவில்லையப்பா.