பிரின்ஸ் தின்ற அசனச் சோறு

மாதா துணை

ஆவூர்
வியாழக்கிழமை காலை

அன்பு மகன் லியோனுக்கு அம்மா ஜெபமாலையம்மாள் எழுதிக்கொள்வது. மாதா தயவில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் முட்டி ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நீயும் நீ மேய்க்கிற அத்தனை ஆயிரம் மாடுகளும் சுகம்தானா? போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் என்றால் நீ நடுவில் புகுந்து சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகும். ஆத்மநாதன் சார் மகன் பிரவீன்குமார் படிக்கப் பிரிஸ்பேனுக்கு வருகிறான், அவன் பையில் பருப்புப்பொடியோடு இதையும் வைத்து அனுப்புகிறேன், அங்கே இறங்கி உனக்குத் தபாலில் போடுவான். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை நீ என்னோடு இருபத்திரண்டு நிமிடம் பேசினாய். அப்பாதான் போனைப் பார்த்துச் சொன்னார். நீ ஆஸ்திரேலியாவுக்குப் போன மூன்று வருடத்தில் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. நான்சி சித்தியின் கன்று பிரின்ஸை நான் சாவிலிருந்து மீட்டேன் என்று கேள்விப்பட்டு, அம்மா நீங்க பெரிய ஆளும்மா, எங்க மேனேஜர்கிட்டகூட ஒங்களப் பத்திச் சொன்னேன் என்றாய். நானும் இளித்துக்கொண்டு கேட்டேன். போனை வைத்த பிறகு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அந்தக் கன்று சாகக் கிடந்ததற்கே காரணம் நான்தான் லியோன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் சித்தி மேல் எனக்குப் பொறாமை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதற்கு வேறு பேர் வைக்கத் தெரியவில்லை. பால் கறக்கிற வீடுகளில் காளைக்கன்று பிறந்தால் முகம் சுளிப்பார்கள், அதை வாங்கி வந்து கறிக்கு வளர்த்து விற்கலாம் என்று இந்தத் தெருவில் முதலில் செய்து காட்டியது யார்? நான். குடுமியான்மலை வரை போய் நாலு நாள் வயசுக் கன்றை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சீம்பால் குடித்த கன்றா என்று கேட்டு வாங்குவது, விரலைச் சப்பக் கொடுத்துப் பால் வாளியில் வாய் வைக்கப் பழக்குவது, மாதம் தவறாமல் பூச்சி மருந்து, ஆறு மாதம் தாண்டினால் கடலைக்கொடி, பசும்புல், அளவாகப் புண்ணாக்கு, ஒன்றரை வருடத்தில் கேரளாவுக்கு வண்டி ஏறும்போது தொடை திரண்டு நிற்க வேண்டும், இதெல்லாம் நான்சி என் கொட்டகையில் நின்று கற்றுக்கொண்டது. பிரின்ஸை முதல் முதலாகப் பால் குடிக்கப் பழக்கியதே என் விரல்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் வரை சாணி என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள், இப்போது கன்றின் பக்கத்தில் நின்று உன்னோடு வீடியோ காலில் பேசுகிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் புல் நறுக்கிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சித்தி, நெஞ்சுச் சுத்தளவு எவ்வளவு, நீளம் எவ்வளவு, இந்த மாசம் எத்தன கிலோ ஏறிருக்கு என்கிறாய். அளக்கிற டேப்பையும் அவளுக்குத்தான் அனுப்பினாய். கன்றுக்குப் பேரும் நீதான் வைத்தாய். என்னைக் கூப்பிட்டால் மட்டும் உனக்கு இரண்டே கேள்வி, சாப்ட்டீங்களா, மாத்திர போட்டீங்களா. நான் என்ன ஆஸ்பத்திரியிலா படுத்திருக்கிறேன்? நீ ஹெலிகாப்டர் வைத்து மந்தையைத் திரட்டுகிறாய், காதில் எண் போடுகிறாய், எந்தக் காளையை எந்தப் பசுக்கூட்டத்தில் விடுவது என்று முதலாளி உன்னைக் கேட்கிறார் என்றெல்லாம் நான்சி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அந்தத் திமில் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நீ எடுத்த போட்டோவைப் பார்த்து அந்த மாட்டின் மேல்கூட எனக்கு எரிச்சல் வந்தது.

என்னிடம் டேப் இல்லை. ஒரு கயிற்றில் நாலு விரலுக்கு ஒரு முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறேன். என் செவலைக் கன்றின் நெஞ்சைச் சுற்றினால் பத்தொன்பதாவது முடிச்சில் வந்து நிற்கும். போன மாதம் வியாபாரி செல்லமுத்து வந்தார். எப்போதும் முதலில் என் கொட்டகைக்குத்தான் வருவார், அன்றைக்கு நேரே நான்சியின் கொட்டகைக்குப் போனார். பிரின்ஸின் முதுகைத் தடவி, இதுல்ல கன்னு என்றார். பிறகு இங்கே வந்து செவலையைப் பார்த்துவிட்டு, இதுவும் பரவால்ல ஆத்தா என்றார். அந்தப் பரவால்ல என்ற சொல் ஒரு வாரம் என் காதிலேயே நின்றது. பிரின்ஸ் எத்தனை முடிச்சு இருக்கும் என்ற யோசனைதான் அதற்குப் பிறகு எந்நேரமும். நான்சியிடம் கேட்க வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பங்குத் திருவிழா. அசன விருந்துக்கு ஊரே உட்கார்ந்து சாப்பிட்டும் மூன்று அண்டா சோறு மீந்துவிட்டது. மந்திரித்த சோற்றைக் குப்பையில் கொட்டக் கூடாது என்று ஆளுக்கொரு பாத்திரத்தில் பிரித்துக் கொடுத்தார்கள். உன் சித்தப்பா ஜெரால்டு ஒரு பெரிய டப் நிறையக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்தார். சாயங்காலம் நான்சி சுவர் ஓரம் வந்து நின்று, அக்கா, கோயில் சோறு பிரின்ஸுக்குப் போடலாமா, லியோனுக்கு ரெண்டு தடவ அடிச்சேன், எடுக்கல, அங்கிட்டு தானியம் குடுத்துத்தான் எடை ஏத்துறோம்னு முன்னாடி சொன்னான் என்று கேட்டாள். நீ மாடு திரட்டப் போன இடத்தில் டவர் இல்லாமல் இருந்திருக்கும். எனக்குப் பதில் தெரியும். உனக்கும் தெரியும். நீ ஆறாவது படிக்கும்போது பொங்கல் சோற்றை வாளி வாளியாக வைத்து நம் காரிப் பசுவைக் கொன்றோமே, ஒரே நேரத்தில் அவ்வளவு சோறு போனால் வயிற்றுக்குள் புளித்து மாட்டையே சாய்த்துவிடும் என்று அன்றைக்குத்தானே கற்றுக்கொண்டோம். நீ பள்ளிக்கூடம் போகாமல் இரண்டு நாள் அழுதாய். அதெல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றது. அப்படியும் நான் என்ன சொன்னேன் தெரியுமா, எங்கிட்ட எதுக்குக் கேக்குற, ஒனக்குத்தான் ஆஸ்திரேலியாவுல ஆளு இருக்கே என்றேன். அவள் முகம் சுருங்கிப் போய்விட்டாள். கோயில் சோறு கெடுதல் செய்யாது என்று நம்பி முழு டப்பையும் வைத்துவிட்டாள். அன்றைக்கு ஜெபமாலை சொல்லும்போது விரலில் மணி நகரவே இல்லை, இருந்தும் எழுந்து போய்ச் சொல்லவில்லை.

மறுநாள் காலை கொடியிறக்கத் திருப்பலிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். முட்டி வலி என்று நான் நின்றுகொண்டேன். வலிதான், ஆனால் நின்றது அதற்காக இல்லை. தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கயிற்றை எடுத்துக்கொண்டு நான்சியின் கொட்டகைக்குள் திருடி மாதிரி நுழைந்தேன், பிரின்ஸின் நெஞ்சை அளக்க. அது படுத்துக் கிடந்தது. இடது விலா புடைத்து, தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம், வாயில் நுரை, பல்லை நறநறவென்று கடிக்கிறது, புளித்த நாற்றம். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்ததும் முதலில் என் மனசில் வந்தது பயம் இல்லை. இனி தெருவில் செவலைதான் பெரிசு என்பதுதான் முதலில் வந்தது. நானா இப்படி என்று அப்புறம்தான் தோன்றியது. கிட்டே உட்கார்ந்து கழுத்தைத் தொட்டேன், அது தலையைத் திருப்பி என் விரலை வாயில் வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு முட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் ஊற்றி, புரையேறாமல் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன், பிறகு கடலை எண்ணெய். வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிற்க வைத்தேன். மாட்டு டாக்டர் ரம்யாவுக்குப் போன் போட்டேன், அந்தப் பெண் ஸ்கூட்டியில் பறந்து வந்து, குழாய் விட்டுக் காற்றை இறக்கி, பாட்டில் மருந்து ஏற்றி, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா கைவிட்டிருக்கணும்மா என்றாள். அந்த நேரத்தில் நான்சி கோயிலிலிருந்து வந்தாள். விஷயம் தெரிந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தரையில் கிடந்த கயிற்றைப் பார்த்து இது எதுக்குக்கா என்றாள். கன்னுக்குட்டியக் கட்டி நடத்தத்தான் என்று புளுகினேன். அவள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி, கொட்டகையில் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டாள். கூட வந்த அப்பா அந்த முடிச்சுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த நாள்தான் உன் போன் வந்தது.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மகனுக்கு எழுதறதுக்கு முந்தி பக்கத்து வீட்டுல சொல்லு என்றார். போய்ச் சொன்னேன். நான்சி பிரின்ஸின் முதுகைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், கேட்டப்பவே சொல்லிருக்கலாம்லக்கா என்றாள், அவ்வளவுதான். ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிரின்ஸின் நெஞ்சை நான் அளக்கவில்லை, பார்த்தாலே தெரிகிறது, இரண்டு முடிச்சாவது இறங்கியிருக்கும். நான் ஆசைப்பட்டபடி இப்போது தெருவில் பெரிய கன்று என்னுடையதுதான். செவலைக்குப் புல் போடக்கூட நேற்று எனக்குக் கை வரவில்லை.

இன்று காலை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நான்சி குரல் கொடுத்தாள். முகத்தைக் காட்டவில்லை. அக்கா, இன்னக்கி வைக்கோல் மட்டுந்தானா, தவிடு கொஞ்சம் போடலாமா என்றாள். இன்னும் மூணு நாளைக்கு வைக்கோல் மட்டும் போடு, தவிட்ட அப்புறம் கைப்பிடி கைப்பிடியா ஏத்து என்று இந்தத் தடவை சொன்னேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். போகவில்லை. நீ மேனேஜரிடம் சொன்னதை மாற்றிச் சொல்வதானால் சொல்லிக்கொள். சித்தியோடு பேசுவதை நிறுத்தாதே, தானியத்தை எப்படிப் படிப்படியாக ஏற்றுவது என்பதை அவளுக்கு விளக்கமாகச் சொல். வெயிலில் தொப்பி இல்லாமல் மந்தைக்குள் போகாதே, ஞாயிற்றுக்கிழமை பூசை பக்கத்தில் இல்லாவிட்டாலும் ஒரு ஜெபமாலையாவது சொல். எங்கே இருந்தாலும் மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும், நீ தொடுகிற உயிர்கள் எல்லாம் உன் கையில் சுகமாக இருக்கட்டும். கேரளா வண்டி வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் இதைப் படித்துவிட்டு, என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் ஒரு தடவை கூப்பிட்டு, செவலை எத்தனை கிலோ என்று கேள். மாத்திரையை நான் போட்டுக்கொள்வேன்.

உன் அம்மா,
அ. ஜெபமாலையம்மாள்