சூதாட்டக் கடைக்கு மாட்டிய பலகை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அத்தைக்கு இருமல் நின்றதா?

நேற்று ஒரு வேடிக்கை. கம்பெனி வேலையாக, இங்கே ஒரு சூதாட்டக் கடை வாசலில், ‘சூதாட்டம் குடியைக் கெடுக்கும்’ என்ற அரசாங்கப் பலகையை மாட்டினேன். உள்ளே தொங்கும் கடை உரிமத்திலும் அதே அரசாங்க முத்திரை! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்கள்.

பலகையில் உதவி எண் இருந்தது. கல்யாண மோதிரத்தையே விற்று ஆடிய என் அறைத்தோழன் வெல்டருக்காகக் கூப்பிட்டேன். ‘இன்று அலுவலக விடுமுறை’ என்றது பதிவுக்குரல். கடை மட்டும் திறந்திருக்கிறதே என்று கடைக்காரனைக் கேட்டேன்.

“வர்றதுல பாதி வரியா அவங்களுக்குத்தாண்ணே போகுது. மூட விடுவாங்களா?” என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரைக் கெடுக்க விடுமுறை கிடையாது, காப்பாற்றத்தான் விடுமுறையா?

அடுத்த மாதம் ஊருக்கு வந்து திரும்பும் எங்கள் மேஸ்திரியிடம், அலமாரியில் கிடக்கும் என் பழைய பட்டன் போனைக் கொடுத்தனுப்பு. இந்தப் போனில் அந்தக் கடைச் சூதாட்டமே ஒரு விளையாட்டாக வந்து தினமும் என்னைக் கூப்பிடுகிறது. போன வாரம் நானும் இரண்டு முறை ஆடிவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முதலில் அந்த முத்திரையைத் திட்டு.

பட்டன் போனில் பாப்பா முகம் தெரியாது. அவளைக் கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொல்.

வேலை வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்