அடுத்த வீடு சகாய அக்கா வீடு

மன்னார்புரம், திருச்சி
சனிக்கிழமை

பாப்பா அப்பாவுக்குச் செல்வமேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் பாப்பாவும் இருக்கிறோம். குவைத்தில் வெயில் குறைந்ததா? முதுகுக்குத் தைலம் தடவுகிறீர்களா, இல்லை அதற்கும் நான்தான் வரவேண்டுமா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், பேச்சு அங்கேயே நின்றுவிடும். எதிர்வீட்டு சர்ஃபராஸ் லீவு முடிந்து நாளை விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். அவன் வெள்ளிக்கிழமைதான் உங்கள் ரூமுக்கு வருவான். அதற்குள் திங்கட்கிழமை முடிந்திருக்கும்.

ஆமாங்க, திங்கட்கிழமை கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறேன்.

மூட்டை தூக்கும் பிச்சமுத்து அண்ணனைச் சூசைராஜ் இரும்புக் கொக்கியால் அடித்ததை, மண்டியில் வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்த நான் கண்ணால் பார்த்தேன். கடைக்காரரும் பார்த்தார். இப்போது கேட்டால், தராசைப் பார்த்துக்கிட்டிருந்தேன் என்கிறார். நமக்கெதுக்குடி வம்பு, நீயும் ஒண்ணும் பார்க்கலன்னு சொல்லிட்டு வந்துரு என்று நீங்கள் சொன்னீர்கள். சொல்லிவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன். சூசைராஜின் கூட்டாளிகள் நம் வாசலில் பைக்கை நிறுத்தி, பாப்பா ஸ்கூல் விட்டு வரும் நேரத்தை எனக்கே சொல்லிக்காட்டுகிறார்கள். தூக்கம் போய்விட்டது. சோறு இறங்கவில்லை. ஜெபமாலையை எடுத்தால் எந்த மணியில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகிறது. அலுத்துவிட்டதுங்க, பயந்து பயந்தே அலுத்துவிட்டது.

அந்த அடியில் அண்ணன் செத்தபிறகு அவர் சம்சாரம் பொன்னுத்தாய் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வெங்காயம் பிரிக்கிறார். ஒரு நாளும் எனக்காகச் சொல்லு என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

இது ஜெபமாலை மாதம். நம் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகிறது. வியாழக்கிழமை நம் வீட்டுக்கு வந்தது. மறுநாள் எல்லோருமாகப் பாடிக்கொண்டு அடுத்த வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். அடுத்த வீடு சகாய அக்கா வீடு. சூசைராஜைப் பெற்றவர், நம் பாப்பாவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவர். மகன் ஜெயிலுக்குப் போனதிலிருந்து அவர் கோயிலுக்கும் வருவதில்லை. அந்த வீட்டைத் தாண்டிப் போயிரலாம் மேரி என்று அன்பியத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. பிறகு சுரூபத்தைப் பார்த்தேன். பெற்ற மகனைச் சிலுவையோடு தண்டனைக்கு இழுத்துப் போனதைத் தெருவில் நின்று பார்த்தவள்தானே இவளும்? இவளையா அந்த வீட்டுக்குப் போகாதே என்று தடுப்பது?

துணைக்கு யாரும் வரவில்லை. நான் மாதாவைத் தூக்கிக்கொண்டேன், பாப்பா மெழுகுதிரி பிடித்தாள். அக்கா வாசலிலும் அந்தப் பைக் நின்றது. அதில் உட்கார்ந்திருந்தவன்கள் மாதாவைக் கண்டதும் இறங்கிச் செருப்பைக் கழற்றினான்கள். நான் மாதாவை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். ஐயோ, சுரூபத்தைக் கீழே போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் அவன்கள்மேல் இருந்த பயம்கூடக் கொஞ்சம் மறந்துவிட்டது.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் மாதாவை வாங்கினார். மூன்று பேரும் முட்டிபோட்டு முழு ஜெபமாலையும் சொன்னோம். கிளம்பும்போது, திங்கக்கிழமை போறியா மேரி என்று கேட்டார். மாதா முன்னால் பொய் வரவில்லை. போறேன்க்கா என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, பார்த்ததை மட்டும் சொல்லுடி, கூட ஒண்ணும் சேர்த்துறாதே என்றார். வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தேன்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். ஆனால் நேற்று மாதாவைத் தூக்கிக்கொண்டு போன கால்தானே, கோர்ட்டுக்கும் போகும். வாசலில் பைக் நிற்பதை, கேஸ் நடத்தும் அரசு வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாப்பாவை சர்ஃபராஸின் அம்மா கமர் ஜஹான் அக்கா ஸ்கூலில் விட்டுக் கூட்டிவருவார். நீ நிம்மதியா போயிட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன் என்றார்.

திட்டுவதென்றால் ஊருக்கு வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை அங்கே லீவென்று பூசைக்குப் போவீர்களே, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் சகாய அக்கா பெயரைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
மேரி