ஒஹாயோவிலிருந்து ஹெரால்டு

பெதஸ்டா,
நவம்பர் 2006

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். கலிபோர்னியாவில் உங்கள் நலத்தை வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சளி பிடித்திருக்கிறது, ஈராக் போரை நியாயப்படுத்தி இன்னொரு புத்தகமும் எழுதுகிறீர்கள். இரண்டுக்கும் மருந்து சாப்பிடுங்கள்.

இங்கே ஹீட்டர் போய்விட்டது. "உலகத்தையே திருத்தக் கிளம்பின மனுஷன், இதைத் திருத்த ஒரு ஆளைச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றாள் அம்மா. உங்களைத் தொலைக்காட்சி நிலையத்துக்கு அழைத்துப்போக வரும் கறுப்புக் கார் இப்போது நம் தெருவுக்குள் வருவதே இல்லை.

பள்ளியில் மார்கஸ், "ஆறே மாசத்துல முடிஞ்சிரும்னு உங்கப்பா எழுதினாரே, அது எந்தக் கிரகத்து மாசம்?" என்று கேட்டான். "காசு குடுத்து வாங்கிப் படிச்சவனுக்குத்தான்டா பதில்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மதியம் என் மேசையில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

படையில் சேர்ந்த பக்கத்து வீட்டு டிரேக் இன்னும் பாக்தாதில்தான் இருக்கிறான். அவன் அம்மா இலைகளைக் கூட்டும்போது நான் கையசைத்தேன். அவர் கூட்டிக்கொண்டே இருந்தார்.

நான் கூப்பிட்டால், "அத்தியாயம் ஓடுதும்மா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். ஆனால் வானொலியில் முகம் தெரியாதவர்கள் கூப்பிட்டால் பேசுகிறீர்கள். அதனால் ஞாயிறன்று குரலை மாற்றி நிலையத்தைக் கூப்பிட்டு நான் ஹெரால்டு ஆனேன். ஒஹாயோ, டிராக்டர் விற்று ஓய்வு பெற்றவர், தொண்டையில் கரகரப்பு. "என் பேரன் அங்க இருக்கான் சார். எப்ப வீட்டுக்கு வருவான்?" என்று கேட்டேனே, நினைவிருக்கிறதா? எவ்வளவு பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். "நிலைமை சரியானதும் வருவாரு, ஹெரால்டு. தேதியை இப்பவே சொன்னா எதிரிக்குத்தான் வசதி" என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டு மேஜையில ஒரு நாற்காலி காலியா இருக்கும், எனக்குத் தெரியும்" என்றீர்கள்.

உங்களுக்குத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இன்னொன்று கேட்க வாயெடுத்தேன். ஒருவருக்கு ஒரு கேள்விதான் என்று நிகழ்ச்சி நடத்தும் அம்மாள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். கேட்க இருந்தது இதுதான்: அயலுறவில் பெரிய நிபுணர் நீங்கள், வீட்டுறவுக்கு யாரைக் கேட்பது?

நன்றி நவிலும் நாள் விருந்துக்கு அம்மா சின்ன வான்கோழிதான் சொல்லியிருக்கிறாள். பெரியதாக மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. டிரேக்கின் அம்மாவையும் கூப்பிடலாம் என்றிருக்கிறேன். வருவாரா தெரியவில்லை. நீங்கள் வந்து கூப்பிட்டால் ஒருவேளை வருவார்.

சளி குணமாகட்டும். அத்தியாயம் நன்றாக முடியட்டும்.

தேதி சொல்லுங்கள், அப்பா. நான் எதிரி இல்லை.

உங்கள் அன்பு மகள்,
கோரின்