மஹோகனியை ஸ்ப்ரூஸ் என்று ஒத்துக்கொண்டேன்

கடலூர்,
வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் ஜான்சிக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுவேதா குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறேன். நாங்கள் இங்கே சுகம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை, மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனை எடுத்தாலே அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடு என்கிறார். அவர் இல்லாத நேரம் பார்த்துப் பேசலாம் என்றால் வாயைத் திறந்ததும் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, டூட்டியில் இருக்கிற உன்னையும் அழவைத்து என்ன பிரயோஜனம். அதனால் எதிர்வீட்டுத் தங்கம்மாள் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் அயர்லாந்து வந்து சேர ரெண்டு வாரம் ஆகும், அத்தனை நாள் கையில் இல்லை, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், நிதானமாகப் படி.

அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் பண்ணின புண் நன்றாக ஆறிவிட்டது. ரசம் சோறு கரைத்துக் கொடுத்தால் இறங்குகிறது. பேச்சு கரகரவென்றுதான் இருக்கிறது, பாட்டு போனது போனதுதான், முப்பது வருஷம் சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்தின மனுஷன் இப்போது ஆமென் சொல்லவே தண்ணீர் குடிக்கிறார். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஏற்றுகிறார்களே அந்த மருந்து, மொத்தம் ஆறு, அதில் நாலு முடிந்தது. ஐந்தாவதும் போன திங்கட்கிழமை நல்லபடியாக முடிந்தது என்று உன்னிடம் சொன்னேன். முடியவில்லை ஜான்சி. சட்டை போட்டுக்கொண்டு என்கூட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தவர், சிதம்பரம் பஸ் வந்து நின்றதும், நான் வரல, நீ வேணா போயி ஏத்திக்கினு வா என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். நடு பஸ் ஸ்டாண்டில் நான் என்னத்தைக் கத்துவது, பின்னாலேயே ஓடிவந்தேன்.

காரணம் நான்தான். முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே கோபப்படாமல் படி. முதல் மருந்து ஏற்றுவதற்கு முன்னாலேயே டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார், இந்த மருந்து சில பேருக்குக் காதைக் கெடுக்கும், மெல்லிசான கூர்மையான சத்தம்தான் முதலில் போகும், காதுக்குள் ஙொய் என்று கேட்டால் உடனே வந்து சொல்லுங்கள், மருந்தை மாற்ற வழி இருக்கிறது என்று. காது டெஸ்ட்டுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்பாதான் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, மிஷின் எதுக்கு, வீட்ல ரெண்டு கிடார் இருக்கு, அதைவிடவா மிஷின் சொல்லப்போவுது என்றார். எனக்கும் அலைச்சல் மிச்சம் என்று சரி என்றேன். ஒன்று அவர் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கின பழைய கிடார், மேல் பலகை ஸ்ப்ரூஸ் மரம். இன்னொன்று போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீ கொண்டுவந்தது, மேலும் கீழும் சுற்றிலும் எல்லாமே மஹோகனி மரம். கிடார் பற்றி எனக்கு என்ன தெரியும், இவரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் காதில் விழுந்ததுதான். ஸ்ப்ரூஸ் வாசல்ல நின்னு கூப்புடும், மஹோகனி பக்கத்துல உக்காந்து பேசும் என்பார். எனக்குத் தெரிந்த மட்டில் ஸ்ப்ரூஸ் சத்தம் எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்த மாதிரி கிணுகிணுவென்று கொஞ்ச நேரம் நிற்கும், சர்ச்சில் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். மஹோகனி அப்படி இல்லை, அடக்கமாக, நடுத்தொண்டையில் பேசுகிற மாதிரி கேட்கும், சீக்கிரம் அடங்கிவிடும், ஒருத்தர் தனியாகப் பாடுவதற்கு அதுதான் தோது. அந்தக் கிணுகிணுதான் வித்தியாசமே. அந்தக் கிணுகிணுப்புதான் காதை விட்டு முதலில் போகுமாம்.

தினமும் காலையில் காப்பி குடித்ததும் கூடத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். நான் ஏதாவது ஒரு கிடாரை எடுத்து ஒரு தடவை மீட்ட வேண்டும், எது என்று அவர் சொல்ல வேண்டும், சரியா தப்பா என்று நான் சொல்ல வேண்டும். எனக்குத் தந்திகளை அழுத்திப் பிடிக்க ஒரே ஒரு பிடி, கார்டு என்பார், சொல்லிக்கொடுத்தார், மூன்று விரலை எங்கே வைப்பது என்று மட்டும் தெரியும். ஆரம்பத்தில் நான் கையை எடுப்பதற்குள் சொல்லிவிடுவார், சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி சிரிப்பார். இரண்டாவது மருந்துக்குப் பிறகு ஒரு நாள் தப்பாகச் சொன்னார். தப்பு என்றேன். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை, பாட்டுதான் போச்சு, இதுவும் போச்சுன்னா அந்த மருந்து எனக்கு வாணாம் என்றார். மறுநாள் நான் மஹோகனியை மீட்டினேன், ஸ்ப்ரூஸ் என்றார். சரி என்றேன். அவ்வளவுதான் ஜான்சி, அந்த ஒரு வார்த்தை. மூன்று இட்லி சாப்பிட்டார். அதற்கப்புறம் ஒன்றரை மாசத்துக்கு மேல் அவர் எதைச் சொன்னாலும் சரிதான். தலைக்கு மேலே வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன, காதுக்குள் ஙொய்யென்று இருக்கிறது மலரு என்று சொன்னார், மருந்து அசதி என்று சொல்லி அதையும் அமுக்கினேன். டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டார், அவர் வாயைத் திறப்பதற்குள் நல்லா கேக்குது டாக்டர் என்று நானே முந்திக்கொண்டேன். நீ நர்ஸ் என்பதால் போனில் கேட்டாய், உனக்கும் அதே பதில்தான் கொடுத்தேன். ஆறும் ஏறிவிட்டால் போதும், ஆள் உயிரோடு இருந்தால் போதும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

போன சனிக்கிழமை சுவேதா போனில் வந்து, தாத்தா உங்களுக்குக் கழுத்து வலிக்குதா என்று கேட்டாளே, நினைவிருக்கிறதா. இவர் இட்லி சாப்பிட்டேன் கண்ணு என்றார். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். போனை வைத்ததும் குழந்தை இன்னா கேட்டுது என்று என்னிடம் கேட்டார், சொன்னேன், எழுந்து போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை சுவருக்குப் பதில் பீரோவைப் பார்த்து நின்றார். எனக்கு உறைக்கவில்லை, பீரோ கதவில் கண்ணாடி இருப்பது இத்தனை வருஷம் தலை சீவுகிற எனக்கு உறைக்கவில்லை. நான் மஹோகனியை எடுத்து மீட்டினேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஸ்ப்ரூஸ் என்றார். சரி என்றேன். மெதுவாகத் திரும்பினார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், இரண்டு அடி வைத்திருந்தாலும் தாங்கியிருப்பேன். உன்ன நம்பித்தானே மலரு நான் திரும்பி நின்னேன் என்றார். இரண்டு கிடாரின் தந்திகளையும் தளர்த்தி உறையில் போட்டுக் கட்டில் அடியில் தள்ளிவிட்டுச் சர்ச்சுக்குத் தனியாகப் போனார்.

திங்கட்கிழமை நடந்ததை மேலே சொல்லிவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நானும் சும்மா இல்லை, ஒரு மரக்கட்டைக்காகச் சாகப்போறியா என்று கேட்டுவிட்டேன். கிடார் போனா போவுது, அந்தப் புள்ள பேசறது கேக்கல, அது இந்த ஊருக்கு வரும்போது நான் அதோட மூஞ்சியப் பாத்துக்கினு தலையாட்டிக்கினு உக்காந்திருக்கணுமா, அதுக்கு எதுக்கு உசுரு என்றார். புதன்கிழமை அவரிடம் மார்க்கெட் போகிறேன் என்று சொல்லிவிட்டு (அதுவும் பொய்தான்) சிதம்பரம் பஸ் ஏறி டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் திட்டவில்லை, பேனாவை மூடி வைத்தார். இரண்டாவது முடிந்ததும் சொல்லியிருந்தால் அப்போதே மாற்றியிருப்பேனே அம்மா என்றார். பாக்கி இரண்டுக்கும் வேறு மருந்து கொடுக்கிறேன், இருக்கிற காதைப் பெரும்பாலும் காப்பாற்றலாம், போனது திரும்பாது, நடுவில் நிறுத்தினால் கட்டி மறுபடி வர இடம் கொடுத்த மாதிரி, வருகிற திங்கட்கிழமை தவறாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அப்பாடா என்று ஓடிவந்து இவரிடம் சொன்னேன். மருந்த மாத்திட்டாங்களா, இதுவும் உன் ஸ்ப்ரூஸ்தானே என்றார். புலி வருது கதைதான் போ. நான் சொன்ன பொய்யையெல்லாம் அப்படியே நம்பினார், உண்மையைச் சொல்லும்போது அடுப்படியை விட்டு எழுந்து போகிறார். டாக்டரிடம் போனில் பேசு என்றால், நீ சொல்லிக் குடுத்ததத்தான் அவரும் சொல்லுவாரு என்கிறார்.

நீ என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் அடுத்த வாரம் வைத்துக்கொள். உன் பேச்சை அவர் நம்புவார், உன்னிடம் அவர் இன்னும் ஏமாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே சாயங்காலம் ஆகிற நேரத்தில் போன் போடு. சுவேதாவிடம் அன்றைக்கு மட்டும் போனைக் கொடுக்காதே. நீ அதற்கு முன்னால் டாக்டரிடம் நீயாகவே பேசிவிட்டு, மருந்து மாறினது நிஜம் என்று உன் வாயால் சொல். உன் குரல் கொஞ்சம் தடிப்பு, அது அவருக்கு நன்றாகக் கேட்கிறது.

குழந்தைக்குக் குளிரில் தலையை மூடிவிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், நீயும் நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். இன்னும் ஒன்று, மறந்துவிடாதே. போன காது திரும்பி வருமா என்று உன்னிடம் கட்டாயம் கேட்பார். வராது என்று சொல்லிவிடு. வரும் என்று சொல்லத்தான் எனக்கு நாக்கு துடிக்கிறது, அதனால்தான் உன்னைச் சொல்லச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மலர்க்கொடி சார்லஸ்