ஆக்சிலேட்டருக்கு அடியில் இருந்த கட்டை

அக்கா,

இன்று காலை திண்டிவனம் ரோட்டில் உன்னைக் கூப்பிட்டு ஊரே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். ஓட்டியது என் மகள். வண்டி புதுசு, கிளட்ச் இல்லாத கார். கரும்பு லாரி ஒன்றை முந்த அவள் ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதித்தாள். கார் ஒரு கணம் தயங்கியது, உறுமியது, பாய்ந்தது. பின் சீட்டில் இருந்த என் முதுகு அப்படியே சாய்மானத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "அக்கா!" என்று அலறிவிட்டேன்.

"இன்னாம்மா, பயந்துட்டியா?" என்று சிரித்தாள். கிழவிக்கு வேகம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். அந்த நேரம் நான் அவள் காரிலேயே இல்லை, உன் காரில் இருந்தேன்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. துரை ஒருவர் விட்டுப்போன பழைய அமெரிக்கக் காரை நம் நைனா வாங்கிக்கொண்டு வந்து, நிலக்கடலை மூட்டை அடுக்கிய நம் மல்லாட்டை மண்டி வாசலில் நிறுத்தினார். செஞ்சிக் கடைத்தெருவே கூடிவிட்டது. ஸ்டீரிங் இடது பக்கம். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். எதிர்க்கடைக்காரர் குனிந்து, கிளட்ச் பெடல் இல்லாததைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, கார்ல ஒரு காலு கொறையுது" என்று கேலி செய்தார். இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிப்போன உன் இடது காலை நீட்டிக்கொண்டு நீ சொன்னாய்: "எனக்கும் அந்தக் காலுதான் கொறையுது. ஜோடி சேந்துச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அடுத்த பொங்கலுக்குள் காரை ஓட்டினாய். டிரைவருக்குச் சம்பளம் கொடுக்க மனசு வராத நைனாவும் அதற்குத் தலையாட்டினார்.

இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவளுக்கு, முன்னால் போகிற வண்டியைத் தாண்டி எதிரே வருவது தெரியாது. அதனால் வலப்பக்க சீட் என்னுடையது. ஜன்னலில் தலையை நீட்டி, "எதிர்ல ஒண்ணும் வரல, மிதி" என்பேன். அதன் பிறகுதான் நீ முந்துவாய். உன்னைவிட ஒரு வயசு சின்னவள் நான். வேறு எதிலும் நீ என் பேச்சைக் கேட்டதில்லை.

ஆனால் மிதித்துத்தான் என்ன? கார் வேகம் எடுக்காது. வாங்கிய அன்றே பாண்டிச்சேரி டிரைவர் சொல்லியிருந்தான்: அடிவரைக்கும் மிதித்தால் பெடலுக்குக் கீழே இருக்கும் சுவிட்ச் அழுந்தும், கியர் ஒன்று தானாக இறங்கும், வண்டி பாயும். நைனா அதைக் கேட்டதும், "வண்டி பாஞ்சா பெட்ரோலும் பாயும்" என்று சொல்லி, ஒரு புளியங்கட்டையைச் சீவிப் பெடலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டார். அதோடு முடியவில்லை. ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு சீரியல் பல்பு கட்ட வந்தவன், சும்மாதானே கிடக்கிறது என்று அந்த சுவிட்சின் ஒயரையும் அறுத்துக் கொண்டுபோய்விட்டான்.

கடைசியில் ஒருநாள் நைனா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "மாட்டு வண்டிக்குப் பின்னாடி போறதுக்கு எதுக்கு காரு? வித்துடலாம்."

உன் முகம் செத்துவிட்டது. கார் போனால் பழையபடி யாராவது உன்னைத் தூக்கி மாட்டு வண்டியில் வைக்க வேண்டும், தூக்கி இறக்க வேண்டும். "மறுபடியும் என்னை மூட்டையா ஆக்கப் போறாருடி" என்றாய். எனக்கு அழுகை வந்தது. உனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் மத்தியானம் நைனா மண்டியில் இருந்த நேரம் பார்த்து நீ கார் தரையில் கவிழ்ந்து படுத்தாய். தெருவில் பாதி ரேடியோக்களைப் பழுது பார்த்த கை அது. கட்டையைப் பிடுங்கினாய். சுவிட்சில் பிடித்திருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தாய். சாவி போட்டால் கரண்ட் வருகிற இடத்திலிருந்து ஒரு ஒயர், நடுவில் ஃபியூஸ், அங்கிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து இன்னொரு ஒயர் கீழே கியர் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த, கியரை இறக்கும் டப்பாவுக்கு. அந்தக் கடைசி முனையை முடுக்கக் காருக்கு அடியில் போனவள் நான். தலையெல்லாம் கிரீஸ். "சைலன்சர்ல ஒயர் படாம கட்டுடி, உருகிடும்" என்று மேலேயிருந்து அதிகாரம் வேறு.

இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டுப் பெடலை அடிவரைக்கும் அழுத்தினாய். என் காதுக்குப் பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பயந்து எழுந்ததில் நெற்றியில் இடித்துக்கொண்டேன். நீ மேலே கை தட்டிச் சிரித்தாய். நைனாவை உட்கார வைத்து ஒரு பாய்ச்சல் காட்டினால் போதும், விற்கிற பேச்சே எடுக்க மாட்டார் என்று கணக்குப் போட்டோம்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் காரை வாங்குகிறவர் நிற்கிறார்! திண்டிவனம் பக்கத்து மில்காரர். நைனாவுக்கு ஓட்டத் தெரியாது. உன் காரை விற்பதற்கு நீயே ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. ஏறும்போது என் காதில், "வண்டிய ஊர வைக்கிறேன் பாரு, ஓடிடுவான்" என்றாய்.

திருவண்ணாமலை ரோடு. மில்காரர் என் சீட்டில், நானும் நைனாவும் பின்னால். நீ பாதி மிதியில் காரை நத்தை மாதிரி கொண்டுபோனாய். முன்னால் மல்லாட்டை மூட்டை ஏற்றிய இரண்டு மாட்டு வண்டிகள், ஒன்றை ஒட்டி ஒன்று.

"இன்னாம்மா, இதக்கூட முந்தாதா?" என்றார் மில்காரர்.

"தெம்பு இவ்ளோதாங்க" என்று சொல்லி, அதைக் காட்டுவதற்காகவே வலது பக்கம் ஏறினாய். எதிரே பார்த்துச் சொல்ல வேண்டிய சீட்டில் இருந்தவர் செஞ்சிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையடி வளைவிலிருந்து பஸ் வந்தது. இரண்டு வண்டிக்கும் நடுவே திரும்ப நுழைய இடமில்லை.

"அக்கா, பஸ்ஸு!"

நீ அடிவரைக்கும் மிதித்தாய். கீழே அந்த 'டக்'. இன்ஜின் அலறியது. பஸ்ஸின் மூஞ்சி ஜன்னல் முழுக்க வந்தது. கார் மாடுகளுக்கு முன்னால் புகுந்து வெளியே வந்தது. பஸ் டிரைவர் திட்டியது வெகுநேரம் காதிலேயே இருந்தது.

புளியமரத்தடியில் நிறுத்தினாய். நைனா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் தோல் சிவந்துபோயிருந்தது. முதலில் வாய் திறந்தவர் மில்காரர்.

"எம்மா, இன்னா இழுவை! மண்டிக்காரரே, வண்டி எனக்குத்தான். வேற யாருக்கும் சொல்லாதீங்க."

பஸ்ஸைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. நம் கையால் முடுக்கிய ஒயர் நம் நாலு பேர் உயிரையும் காப்பாற்றிவிட்டு, உன் காரையும் விற்றுவிட்டது. நீ ஸ்டீரிங்கில் வைத்த கையை எடுக்கவே இல்லை. முந்தாமல் சும்மா பின்னாலேயே போயிருக்கக் கூடாதா என்று இத்தனை வருஷமாக உன்னைக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"நானே ஓட்டிக்கினு போய் உட்டுட்டு வரேன்" என்று பிடிவாதம் பிடித்து, மறுநாள் திண்டிவனம் வரைக்கும் நீயே ஓட்டிப்போனாய். திரும்பும்போது நீ, நான், நைனா மூவருக்கும் பஸ். கண்டக்டர் தூக்கிவிட வந்தான். "நகரு" என்றாய். கம்பியைப் பிடித்து நீயே ஏறினாய். செஞ்சி நெருங்கும்போதுதான் நைனா பேசினார், ஜன்னலைப் பார்த்தபடி.

"கட்டை வெச்சது பெட்ரோலுக்கு இல்ல. நீ பயப்பட மாட்ட. அதான் எனக்கு பயம்."

நான் வாயைப் பிளந்தேன். அவர் கஞ்சத்தனத்தைச் சொல்லிச் சொல்லி நாம் எத்தனை நாள் சிரித்திருப்போம்! நீ சொன்னாய்: "கட்டை இருந்திருந்தா நேத்து நாலு பேரும் போயிருப்போம் நைனா." அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு நீ எங்கே போனாலும் அவர் கூடாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு உன் சாமான்களில் நான் கேட்டு வாங்கியது அந்தப் புளியங்கட்டை ஒன்றைத்தான். என் அறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இன்று திரும்பி வரும்போது இன்னொரு லாரி. "மெதுவாவே போறேம்மா, நீ பயப்படாத" என்று மகள் அதன் பின்னாலேயே ஊர்ந்தாள். ஆமாம், மெதுவாவே போ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது அக்கா. அப்போதுதான் நைனா வைத்த கட்டை ஞாபகம் வந்தது. வலப்பக்க ஜன்னலை இறக்கி, இந்த நரைத்த தலையை வெளியே நீட்டினேன். "தலைய உள்ள இழும்மா!" என்று அவள் பதறினாள்.

"எதிர்ல ஒண்ணும் வரல" என்றேன். "மிதி."